வாலுவுக்காக ஒரு பத்து

மைக்கு அக்கா பிறந்தபோது போட்ட முதல் அழுகையைக் கேட்டு, வெளியே நின்றிருந்த அவளுடைய அப்பா, "ரெட்டைப் புள்ளையா?" என்று தாதியிடம் விசாரித்தாராம். தொண்டை அப்படி. வளர வளர அது குறையவும் இல்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பாடம் ஒப்பிக்க எழுந்தால் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போவார். மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆர்மோனியக்காரர் அவளைத் தனியே கூப்பிட்டு, "நீ பாடாதம்மா, வாயை மட்டும் அசைச்சாப் போதும்" என்றார். வாயை மட்டும் அசைக்க நான் என்ன தொட்டி மீனா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தவள், அதற்குப் பிறகு பாடகர் குழுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆர்மோனியக்காரர் இருந்த வரைக்கும் அவளைக் கண்டால் தெருவின் மறுபக்கம் போய்விடுவார்.

அந்தத் தொண்டைக்கு ஏற்ற வேலை கிடைத்தது. விடுதிகளின் படுக்கை விரிப்பு, போர்வை, துண்டு எல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் பெரிய சலவைக்கூடம் அது. துவைக்கிற இயந்திரமும் உலர்த்துகிற இயந்திரமும் ஒன்றையொன்று மிஞ்சிக்கொண்டு இரையும். மற்றவர்கள் அங்கே கையால் பேசிக்கொள்வார்கள். இவள் மட்டும் வாயால் பேசுவாள், கடைசி மூலை வரைக்கும் கேட்கும். மேற்பார்வையாளர் எங்கேயாவது யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் இவளிடம்தான் வருவார். "மைக்கு, அந்த லாரிக்காரனைக் கொஞ்சம் கூப்பிடு" என்பார். பெயர் அங்கேயிருந்துதான் ஒட்டிக்கொண்டது. அவள் புருஷன் சைக்கிள் பழுதுபார்க்கிறவர், வாயில் விரல் வைத்தாலும் கடிக்காத மனிதர். வீட்டில் பேச வேண்டிய இரண்டு பேருடைய பங்கையும் இவளே பேசிவிடுவதால் அவருக்கு அந்தக் கவலையும் இல்லை.

கோயிலில் பாடத்தான் இடமில்லையே தவிர, செபம் சொல்ல இடம் இருந்தது. அந்தக் கோயிலைச் சேர்ந்த குடும்பங்கள் எல்லாம் கூடியது ஒரு பங்கு; பங்கில் ஆறுதல் குழு என்று ஒன்று உண்டு. யாருக்காவது உடம்பு முடியாமல் போனால், யார் வீட்டிலாவது சாவு விழுந்தால், அந்தக் குழு சாயங்காலம் அந்த வீட்டுக்குப் போய்ச் செபமாலை சொல்லும். சின்னச் சின்ன வீடுகள், கூட்டம் வாசலையும் தாண்டி மாடிப்படி வரைக்கும் நிற்கும், தெருவில் வண்டிச் சத்தம் வேறு. அங்கே படியில் நிற்கிறவருக்கும் கேட்கிற மாதிரி செபத்தைத் தொடங்க ஒரு தொண்டை தேவைப்பட்டது. மைக்கு அக்கா போய்ச் சேர்ந்தாள். தலைமுடி நரைக்கத் தொடங்கிய இந்த நாள் வரைக்கும் அவளை அங்கே யாரும் வாயை மட்டும் அசைக்கச் சொன்னதில்லை.

செபமாலை சொல்கிற முறை தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. பத்து மணிகள் சேர்ந்தது ஒரு பத்து. அப்படி ஐந்து பத்து. ஒவ்வொரு பத்தையும் ஒருவர் நடத்துவார். நடத்துகிறவர் முதலில், "இந்தப் பத்தை இன்னாருக்காக ஒப்புக்கொடுப்போம்" என்று சொல்லிவிட்டு, அருள் நிறைந்த மரியே என்று மந்திரத்தின் முன்பாதியைச் சொல்வார். பின்பாதியைச் சொல்ல வேண்டியது மற்ற எல்லாரும். முன்பாதி ஒரு வாயிலிருந்து வர வேண்டும், பின்பாதி ஊர்வாயிலிருந்து வர வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து சொல்லிப் பழகியவர்களுக்கு முன்பாதி காதில் விழுந்தால் போதும், தூக்கத்தில்கூட வாய் தானாகப் பின்பாதியைச் சொல்லிவிடும்.

அந்தப் பின்பாதியின் அருமையை மைக்கு அக்கா தன் தம்பி செத்தபோது தெரிந்துகொண்டாள். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து போனான், கல்யாணம்கூட ஆகாதவன். அந்த வாரம் முழுக்க அவளுக்கு, ஊரையே கூட்டுகிற அவளுக்கு, ஒரு வார்த்தை வரவில்லை. கடவுளிடம் கேட்க வேண்டியதெல்லாம் வசவாகவே வந்தது, வசவும் தொண்டைக்கு மேலே ஏறவில்லை. அப்போது குழு வந்து உட்கார்ந்தது. யாரோ முன்பாதியைச் சொன்னார்கள். இவள் வாய் பின்பாதியைச் சொன்னது. யோசிக்க வேண்டியதில்லை, நம்ப வேண்டும் என்றுகூட இல்லை. தனியாகத் தூக்க முடியாத ஒன்றின் மறுமுனையை யாரோ பிடித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஒன்றுக்காகத்தான் அவள் அந்தக் குழுவுக்கு உழைத்தாள். மற்றபடி அந்தக் குழுவில் அவளுக்கு எரிச்சல் மூட்டுகிற விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

அதில் முதல் இடம் குழுத் தலைவருக்கு. ஆணி, கீல், தாழ்ப்பாள், கம்பி விற்கிற இரும்புக் கடைக்காரர். எதற்கெடுத்தாலும் "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல" என்று தொடங்குவதால் அவருக்குச் சட்டம் அண்ணன் என்று பெயர். செருப்பை எந்தப் பக்கம் விட வேண்டும், மெழுகுவர்த்தியை யார் ஏற்ற வேண்டும், எல்லாவற்றுக்கும் அவரிடம் சட்டம் இருந்தது. கெட்ட மனிதர் என்று சொல்லிவிட முடியாது. யாருக்காவது முடியவில்லை என்றால் கடையைப் போட்டது போட்டபடி ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற முதல் ஆள் அவர்தான். வாதம் வந்து பேச்சும் நினைவும் போய்ப் படுத்திருக்கிற அம்மாவுக்கு, மருமகள் கையை எதிர்பார்க்காமல் தானே கரண்டியால் ஊட்டி, தானே துடைத்துவிடுகிறவர். அதனாலேயே மைக்கு அக்காவுக்கு அவரை முழுசாக வெறுக்கவும் முடியாது. அதுவும் ஒரு எரிச்சல்.

இனி வாலு.

பெரிய விரிப்பை ஒருத்தி மட்டும் மடிக்க முடியாது. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து, உதறி, இழுத்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து வந்து முனையோடு முனை சேர்க்க வேண்டும். மைக்கு அக்காவுக்கு எதிர்முனை பிடிக்கிறவள் ஒரு சின்னப் பெண். பக்கத்துத் தெருவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறவள், புருஷன் சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். எதிர்முனைத் தங்கச்சி என்றுதான் மைக்கு அக்கா கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு இத்தனை தடவை ஒருத்தியை நோக்கி நடந்து வந்தால் அவள் முகத்தில் எழுதாததும் தெரிந்துவிடும். அவள் உண்டாகியிருப்பது புருஷனுக்குத் தெரிவதற்கு முன்னால் மைக்கு அக்காவுக்குத் தெரியும்.

வயிற்றுக்குள் அந்தப் பிள்ளை சும்மா இருக்காது. அம்மா விரிப்பை உதறினால் அதுவும் உள்ளே ஒரு உதை விடும். "சரியான வாலு" என்றான் அப்பன். அதுவே பெயராகிவிட்டது. வாலு சாப்பிட்டாச்சா, வாலு தூங்குதா என்று சலவைக்கூடமே விசாரித்தது. மேற்பார்வையாளர்கூட, கண்டிப்புக்குப் பேர்போன மனுஷன், "வாலு அம்மாவுக்கு அந்த ஸ்டூலைப் போடுங்க" என்று கத்தினார்.

பிறக்க இன்னும் கொஞ்ச நாளே இருந்தபோது வாலு உதைக்கவில்லை. காலையிலிருந்து உதைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கருவியை வைத்துப் பார்த்த பெண் முதலில் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தாள், பிறகு திரையைத் திருப்பி வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிடப் போனாள். மறுநாள் வாலு பிறந்தது. பிள்ளை அழுத சத்தம் கேட்டு ரெட்டையா என்று ஒரு அப்பா கேட்டாரே, இங்கே ஒரு அப்பன் கதவுக்கு வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றான், ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவு முடி, அவ்வளவு நகம், முழுப் பிள்ளை. அப்பனும் மைக்கு அக்காவின் புருஷனும் இரண்டே பேராகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய், கடைசி ஓரத்தில் அடக்கம் பண்ணிவிட்டு வந்தார்கள். பங்குத்தந்தை வெளியூர் போயிருந்தார். செபம் சொல்ல ஆள் இல்லை. பேசாத அந்த மனிதர் அன்றைக்கு வீட்டுக்கு வந்து, "குழி ரொம்பச் சின்னதா இருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

அடுத்த வாரம் ஆறுதல் குழு அந்த மூன்றாம் மாடிக்கு ஏறியது. வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எதிர்முனைத் தங்கச்சியின் கையைப் பிடித்து, "சின்ன வயசுதானே, அடுத்தது வந்துடும்" என்றார்கள். பஸ்ஸைத் தவறவிட்டவளிடம் சொல்கிற மாதிரி. ஒருத்தி இன்னும் ஒரு படி மேலே போய், "பாலூட்டிப் பழகுறதுக்கு முந்தியே போச்சே, அந்த மட்டும் நல்லது" என்றாள். பாலோ அந்த நேரத்தில் அவள் ரவிக்கையை நனைத்துக்கொண்டிருந்தது, அதை மறைக்கத்தான் துண்டைப் போர்த்தி உட்கார்ந்திருந்தாள். மைக்கு அக்கா பல்லைக் கடித்துக்கொண்டாள். சாவு வீட்டில் வாய்க்கு வந்ததைப் பேசுகிறவர்களுக்குத் தனியாக ஒரு நரகம் இருக்க வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் விண்ணப்பம்.

செபமாலை தொடங்கியது. முதல் பத்து, இந்தக் குடும்பத்தின் நலனுக்காக. இரண்டாவது, தாயின் உடல்நலத்துக்காக. மூன்றாவது, மீண்டும் மகப்பேறு வரம் கிடைக்க. நான்காவது, தந்தையின் தொழிலுக்காக. ஐந்தாவது, உலக அமைதிக்காக. யாருக்காக எந்தப் பத்து என்று முன்கூட்டியே பிரித்துக்கொடுத்தவர் சட்டம் அண்ணன். உலக அமைதி வரைக்கும் போய்வந்தார்களே தவிர, அடுத்த அறையில் காலியாகக் கிடந்த தொட்டில் பக்கம் ஒருவரும் போகவில்லை. முடிந்ததும் எதிர்முனைத் தங்கச்சி மெதுவாகக் கேட்டாள்.

"அண்ணே, வாலுவுக்குச் சொல்லலையே?"

சட்டம் அண்ணன் குரலைத் தணித்துக்கொண்டார். "இல்லம்மா, சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. மரிச்சவங்களுக்கான செபம் ஞானஸ்நானம் வாங்கினவங்களுக்குத்தான். அதுக்கு ஞானஸ்நானம் இல்ல, பேரும் இல்ல. பேரில்லாம யாருக்குன்னு சொல்றது?"

"வாலுன்னுதான் கூப்பிடுவோம்."

"அது வீட்டுல கூப்பிடுறதும்மா."

மைக்கு அக்கா மாடிப்படியில் அவரை மடக்கினாள். வழக்கமான குரலை அன்றைக்கு அடக்கிக்கொண்டு பேசியதில் கழுத்து நரம்பு புடைத்தது. "ஏண்ணே, ஒரு பத்து. பத்தே பத்து மணி. அதுல என்ன குறைஞ்சிடும்?"

"குறையறது கூடுறது இல்லம்மா. இன்னைக்கு இதுக்குச் சொன்னா நாளைக்கு ஒவ்வொருத்தரும் கேப்பாங்க."

"கேக்கட்டுமே. அதுக்குத்தானே குழு."

அவர் படியிறங்கிப் போய்விட்டார். ஒவ்வொருத்தரும் கேட்பார்களாம். அப்படியானால் ஒவ்வொருத்தர் வீட்டிலும் இப்படி ஒன்று இருக்கிறது என்று இவருக்குத் தெரியும், தெரிந்துதான் வாயை மூடச் சொல்கிறார் என்பது மைக்கு அக்காவுக்குத் தெருமுனை வந்த பிறகுதான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சண்டை போடலாம் என்று நின்றாள். கூட வந்திருந்த புருஷன் அவள் முழங்கையைப் பிடித்து வீட்டுக்கு அழைத்துப் போனார்.

பங்குத்தந்தை ஊர் திரும்பியதும் போய்க் கேட்டாள். அவர் நிதானமாகச் சொன்னார்: "அப்படிப்பட்ட குழந்தைகளைத் திருச்சபை இறைவனோட இரக்கத்துல ஒப்படைக்குதும்மா. செபிக்கக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

"அப்ப நீங்களே அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க ஃபாதர்."

"சொல்லலாம். ஆனா அவரும் பாவம், அம்மாவுக்கு அப்படி இருக்கு. இப்பப் போய் மனசு கஷ்டப்படுத்த வேணாம். குழுவுல சமாதானம் முக்கியம் பாருங்க."

சமாதானம். ஒரு தாய் நெஞ்சு வெடிக்க உட்கார்ந்திருக்கிறாள், இவர்களுக்குக் குழுவில் சமாதானம் வேண்டியிருக்கிறது. மைக்கு அக்கா சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். கோபத்தில் போட்ட சிலுவை நெற்றியில் வலித்தது.

எதிர்முனைத் தங்கச்சி வேலைக்குத் திரும்பினாள். வயிறு வற்றிய அவளைப் பார்த்ததும் சலவைக்கூடம் முழுக்கக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டது. இரண்டு பேரும் விரிப்பைப் பிடித்தார்கள். உதறினார்கள். நடந்து வந்து முனையோடு முனை சேர்க்கும்போதெல்லாம் மைக்கு அக்கா அவள் முகத்தைப் பார்த்தாள். ஒரு தடவை முனையைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பிப் போகாமல் அப்படியே நின்றாள்.

"தனியா சொல்லிப் பாக்குறேன்க்கா. முன்பாதிய நான் சொல்லிடுறேன். அதுக்கப்புறம் யாரும் சொல்ல மாட்டேங்குறாங்க. அவரும் சொல்ல மாட்டேங்குறாரு, கோயிலுக்குள்ளயே வர மாட்டேன்றாரு. பாதியிலயே நிக்குது."

"நான் சொல்றேன்டி."

"நீங்க சொல்லுவீங்கக்கா. எனக்கு எல்லாரும் சொல்லணும். ஒரே ஒரு தடவை, எல்லாரும் சேந்து, சத்தமா. வாலுன்னு ஒண்ணு இருந்துச்சுன்னு. அது போதும்."

இயந்திரங்கள் இரைந்தன. மைக்கு அக்கா அடுத்த விரிப்பை எடுத்தாள். அவள் உதறிய உதறலில் விரிப்பு எதிர்முனையின் கையிலிருந்தே பறந்துவிட்டது.

அதற்கு அடுத்த வாரம் சட்டம் அண்ணன் வீட்டிலேயே செபமாலை. அவர் அம்மாவுக்காக. முன்னறைச் சன்னலோரம் கட்டிலில் அந்த அம்மா படுத்திருந்தார். வாதம் வந்ததிலிருந்து ஒரு சொல் இல்லை. கண் திறந்திருக்கும், யாரையும் அடையாளம் தெரியாது. அந்த வாயிலிருந்து தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் மறுபடி கேட்க வேண்டும், அதுதான் மகனுடைய வேண்டுதல். கூட்டம் பாயிலும் நாற்காலியிலும் நிறைந்திருந்தது. எதிர்முனைத் தங்கச்சியும் வந்து பின்வரிசையில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்தாள். நோயாளிக்காகத்தானே, வரமாட்டேன் என்று சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. அவளுக்கு இருந்த அந்த மனது சட்டம் பேசுகிறவர்களுக்கு இல்லை.

மைக்கு அக்கா திட்டம் போட்டுத்தான் வந்தாள் என்று பின்னால் பேசிக்கொண்டார்கள். திட்டமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மூன்றாவது பத்தைப் பங்கில் உள்ள எல்லா நோயாளிகளுக்காகவும் சொல்லும்படி அவளுக்குக் கொடுத்திருந்தார்கள். அதைச் சொல்லத்தான் வந்தாள். தொடக்கச் செபத்தில் சட்டம் அண்ணன் இறந்தவர்களை நினைவுகூரும் வரைக்கும் அவள் சும்மாதான் இருந்தாள். அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனார். பழைய உபதேசியார், மணியடிக்கிறவரின் மனைவி, அப்புறம் "நம்ம கோயில் மண்டபத்துக்கு இலவசமாகக் கம்பி கொடுத்த, போன மாதம் காலமான இரும்பு மில் முதலாளி."

மைக்கு அக்கா தலையை நிமிர்த்தினாள். இரும்பு மில் முதலாளி எந்தக் கோயிலிலும் ஞானஸ்நானம் வாங்கியவர் இல்லை. நல்ல மனிதர், அவருக்காகச் செபிக்க வேண்டியதுதான், அதில் அவளுக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் அவருக்குத் திறந்த கதவு வாலுவுக்கு ஏன் சாத்தியிருக்கிறது? வாலு கம்பி கொடுக்கவில்லை, அவ்வளவுதானே? உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முதல் பத்தும் இரண்டாவது பத்தும் அவள் காதில் ஏறவில்லை.

மூன்றாவது பத்து வந்தது. எழுந்து நின்றாள்.

"இந்தப் பத்தை நம்ம வாலுவுக்காக ஒப்புக்கொடுப்போம்."

பின்வரிசையில் ஒரு மூச்சு இழுபட்டது. சட்டம் அண்ணன் திரும்பிப் பார்த்தார். "அம்மா, இது நோயாளி வீடு. உங்களுக்குக் கொடுத்தது அது இல்ல."

"கம்பி முதலாளிக்கு ஞானஸ்நானம் குடுத்தது யாருண்ணே?" என்று கேட்டாள். அவருக்கு முகம் சிவந்தது. பதில் வருவதற்குள் அவள் தொடங்கிவிட்டாள். அருள் நிறைந்த மரியே வாழ்க. படிவரைக்கும், தெருவரைக்கும் கேட்டது. திருவயிற்றின் கனி என்ற இடத்தில் மட்டும் குரல் ஒரு கணம் தடுக்கியது. முன்பாதியை முடித்து நிறுத்தினாள்.

பின்பாதி வரவில்லை.

எல்லாரும் சட்டம் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மணியை உருட்டாமல் தரையைப் பார்த்தார். அவர் வாய் திறக்காததால் அவர் மனைவி திறக்கவில்லை, அவள் திறக்காததால் பக்கத்து வீட்டுக்காரி திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து பின்பாதி சொல்லிப் பழகிய அத்தனை வாயும் பூட்டிக் கிடந்தது. வாய் தானாகச் சொல்லிவிடும் என்று அவள் நம்பியிருந்தது போயிற்று. இந்த அசிங்கத்தை மைக்கு அக்கா தன் ஆயுசில் பார்த்ததில்லை. மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. எதிர்முனைத் தங்கச்சிக்கு உதடு துடித்தது, ஆனால் சொல்லவில்லை. அது அவள் சொல்ல வேண்டியது இல்லை.

மைக்கு அக்கா அதே முன்பாதியை மறுபடி சொன்னாள். இந்தத் தடவை தெருவுக்குக் கேட்கவில்லை. சொல்லி நிறுத்திவிட்டு நின்றாள். நாள் முழுக்க வேண்டுமானாலும் நிற்பது என்ற முடிவோடு நின்றாள்.

சன்னல் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்றுதான் நினைத்தார்கள். "அர்ச்...சிஷ்ட மரியாயே" என்று கோணிய வாயிலிருந்து குழறிக்கொண்டு வந்தது. இப்போது யாரும் சொல்லாத பழைய மந்திரம், அந்த அம்மா சின்னப் பெண்ணாக இருந்தபோது சொல்லிக்கொடுத்த சொற்கள். "சர்வேசுரனுடைய மாதாவே..."

கட்டிலில் கிடந்தவர் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்காக என்றும் தெரியாது, யார் சொன்னது என்றும் தெரியாது. முன்பாதி வந்தது, பின்பாதியைச் சொன்னார். "பாவிகளாயிருக்கிற எங்களுக்காக" என்ற இடத்தில் எதிர்முனைத் தங்கச்சி சேர்ந்துகொண்டாள். மணியடிக்கிறவர் சேர்ந்தார். பிறகு அறை முழுக்க, படி முழுக்க. கடைசியில் சட்டம் அண்ணன். அம்மாவின் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, அம்மா வாயையே பார்த்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் கொட்ட, பின்பாதியைச் சொன்னார். வாலுவின் பத்து மணிகளுக்கும் சொன்னார்.

மைக்கு அக்காவும் அழுதாள், ஆனால் அவளுக்கு வேறு ஒரு எண்ணம் உள்ளே குத்தியது. இந்த அம்மா இத்தனை மாதமும் உள்ளுக்குள் பின்பாதி சொல்லிக்கொண்டேதான் இருந்தாரோ என்னவோ. குழு வந்து வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து போட்ட சத்தத்தில், அதிலும் இவள் போட்ட சத்தத்தில், யாருக்கும் கேட்கவில்லையோ என்னவோ. யாரும் சொல்லாமல் ஒரு நிமிஷம் வாயை மூடியதால்தான் அது வெளியே வந்தது.

இத்தோடு கதை முடிந்திருந்தால் மைக்கு அக்காவின் கோபமும் தணிந்திருக்கும். ஆனால் ஊர் அப்படி விடுமா?

மறுநாளே பேச்சு கிளம்பிவிட்டது. புதுமை நடந்துவிட்டதாம், பெரிய அற்புதமாம். தலைவருடைய அம்மாவுக்காக எல்லாரும் உருகிச் செபித்தார்களாம், ஊமையான வாய் திறந்துவிட்டதாம். சலவைக்கூடம் வரைக்கும் அந்தச் செய்தி வந்தது. வந்த செய்தியில் வாலு இல்லை. அன்றைக்கு அந்த அறையில் உட்கார்ந்து வாயைப் பூட்டிக்கொண்டிருந்தவளே வந்து, "என் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு" என்று எதிர்முனைத் தங்கச்சியிடமே சொல்லிவிட்டுப் போனாள். தங்கச்சி விரிப்பை மடித்துக்கொண்டே, "பாத்தீங்களாக்கா, வாலுவத் திரும்பவும் எடுத்துட்டாங்க" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பலி முடிவில், அறிவிப்பு நேரத்தில், பங்குத்தந்தை சட்டம் அண்ணனை மைக்கின் முன்னால் அழைத்தார். நன்றி சொல்ல. அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து நின்றார்.

"நம்ம ஆறுதல் குழுவோட செபத்துக்குச் சக்தி இருக்குங்கிறதுக்கு நானே சாட்சி. எங்க அம்மாவுக்காக நாம செபமாலை சொன்னப்ப, மாசக்கணக்காப் பேசாதவங்க வாய் திறந்து மந்திரம் சொன்னாங்க. அதுக்காக ஆண்டவருக்கும் மாதாவுக்கும் உங்க எல்லாருக்கும்..."

"எந்தப் பத்துலண்ணே?"

பின்வரிசையிலிருந்து வந்தது அது. மைக்கில் பேசியவரின் குரலை விட அது உரக்கக் கேட்டது. கோயில் முழுக்கத் திரும்பியது. மைக்கு அக்கா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் இருந்த புருஷன் வழக்கம்போல அவள் முழங்கையைப் பிடிக்கப் போய், என்ன நினைத்தாரோ, கையை எடுத்துக்கொண்டார்.

பங்குத்தந்தை, "அம்மா, அப்புறம் பேசிக்கலாம்" என்றார்.

"அப்புறம் அப்புறம்னுதான் ஃபாதர் இவ்வளவு தூரம் வந்திருக்கு. நான் சண்டை போடல. சாட்சி சொல்ல வந்தவரு முழுசாச் சொல்லட்டும். அம்மா வாய் திறந்தது எந்தப் பத்துல?"

சட்டம் அண்ணன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இங்கேதான் அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்குச் சட்டம் தெரியும், சட்டத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் தெரியும், ஆனால் பலிபீடத்தின் முன்னால் நின்று பொய் சொல்லத் தெரியாது.

"மூணாவது" என்றார்.

"அது யாருக்காகச் சொன்ன பத்து?"

எதிர்முனைத் தங்கச்சி மைக்கு அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானை நுனியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவள் புருஷன் கோயிலுக்குள் வரவில்லை, வழக்கம்போல வெளியே வேப்பமரத்தடியில் நின்றிருந்தான். ஒலிபெருக்கி அங்கேயும் இருந்தது.

சட்டம் அண்ணன் அந்தப் பெண்ணைத் தேடிக் கண்டுபிடித்து, அவளைப் பார்த்தே சொன்னார்.

"வாலுவுக்காக."

தொண்டையைச் செருமிக்கொண்டு, கேட்காதவர்களும் கேட்கட்டும் என்பது போல இன்னொரு தடவை சொன்னார். "மூணாவது பத்து, நம்ம பங்குல பிறந்து மரிச்ச வாலுவுக்காகச் சொன்னது. நான் வேணாம்னேன்."

வெளியே நின்றிருந்த பெயிண்ட்காரன் வாசல் வரைக்கும் வந்துவிட்டான். உள்ளே கால் வைக்கவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். எதிர்முனைத் தங்கச்சி எழுந்தாள். கோயிலில் அவள் குரலை அதுவரை யாரும் கேட்டதில்லை, இப்போதும் மைக் இல்லாமல்தான் பேசினாள்.

"ஆமா. எங்க புள்ளதான்" என்றாள்.

மைக்கு அக்கா உட்கார்ந்தாள். கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஒரு பிள்ளைக்கு ஒரு பத்து வாங்க ஒரு கிழவி வாய் திறக்க வேண்டியிருந்ததே என்ற கோபம் அவளுக்கு இன்றைக்கும் இருக்கிறது. திருப்பலி முடிந்து வெளியே வரும்போது, முகம் தெரியாத ஒரு வயதான பெண்மணி அவள் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் காதோடு கேட்டார்.

"என்னோடதுக்கும் சொல்லுவீங்களாம்மா? நாப்பது வருஷம் ஆயிடுச்சு. நாங்க அதைச் சிட்டுன்னு கூப்பிட்டோம்."